பானெட்டைத் திற! – காயில் மேலே பழி போடலாமா?

போன வாரம் வந்த மெயில்களில் ஒன்று தாம்பரத்திலிருந்து. எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவரிடம் இருப்பது ஒன்பது வயதான பெட்ரோல் கார்.

'சிக்னல்ல நிக்கும்போது வண்டி உதறுது. ஃப்ளைஓவர் ஏறினா இழுக்க மாட்டேங்குது. மஞ்சள் கலர்ல இன்ஜின் லைட் எரியுது. மெக்கானிக் கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்துட்டு, ரெண்டாவது காயில் போச்சுன்னு புதுசு மாத்தினார். மூணு நாள் நல்லா ஓடுச்சு. மறுபடியும் அதே லைட், அதே உதறல். இப்போ நாலு காயிலையும் மாத்தணும், அப்பவும் சரியாகலைன்னா இசிஎம் பார்க்கணும்னு சொல்றார். காயிலுக்கு மட்டும் 16,000 ரூபாய் எஸ்டிமேட். கொடுக்கலாமா?'

கூடவே ஸ்கேனர் திரையை போட்டோ எடுத்தும் அனுப்பியிருந்தார். அதில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது: பி 0352.

'இப்போதைக்குக் கொடுக்காதீங்க மேடம்' என்று பதில் போட்டேன். காரணம் அந்தக் கோடுக்குள்ளேயே இருக்கிறது. அதன் முழுப் பெயர், 'இரண்டாவது இக்னிஷன் காயிலின் சர்க்யூட்டில் கோளாறு' என்பது. கடைசி எண் காயிலைக் குறிக்கும். 0351 என்றால் முதல் காயில், 0352 இரண்டாவது, இப்படி வரிசையாகப் போகும். ஆனால், 'சர்க்யூட்' என்ற சொல்லைத்தான் பலரும் அப்படியே முழுங்கிவிடுகிறார்கள்.

வீட்டில் மின்விசிறி சுற்றவில்லை என்றால் உடனே புது ஃபேன் வாங்கக் கடைக்கு ஓடுகிறோமா? சுவிட்சைத் தட்டிப் பார்ப்போம், ரெகுலேட்டரைத் திருகிப் பார்ப்போம், ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பார்ப்போம். காருக்கு மட்டும் ஏனோ நேராக ஃபேனையே மாற்றிவிடுகிறோம்.

தீப்பொறி எங்கிருந்து வருகிறது?

வீட்டில் தாத்தா இருந்தால் கேட்டுப்பாருங்கள். அம்பாசடர், பத்மினி காலத்தில் காருக்கு ஒரே ஒரு காயில்தான். அதிலிருந்து வரும் கரன்டை டிஸ்ட்ரிபியூட்டர் என்ற மூடி, நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும். வண்டி மிஸ்ஸிங் அடித்தால் பாயின்ட்டைக் கழற்றி உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து மாட்டிவிட்டு, திருச்சி வரை போய்விட்டு வந்த கதையெல்லாம் சொல்வார்.

இப்போது ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் தனித்தனியாக ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. விரல் தடிமனில், கறுப்பாக, மேலே ஒரு கப்ளரோடு இருப்பதுதான் அது. உள்ளே இரண்டு கம்பிச் சுருள்கள். தடித்த கம்பியில் குறைந்த சுற்றுகள் கொண்டது பிரைமரி. முடி போன்ற கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள் கொண்டது செகண்டரி.

பேட்டரியின் 12 வோல்ட் பிரைமரியில் பாயும்போது காந்தப்புலம் உருவாகும். சரியான நொடியில் அந்தக் கரன்டை இசிஎம் வெட்டிவிடும். காந்தப்புலம் சட்டென்று சரிய, செகண்டரியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் எகிறும். அதுதான் பிளக்கின் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறியாக விழுகிறது. இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 தடவை இது நடக்கும்.

இத்தனைக்கும் காயிலுக்குத் தேவை, பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக வரும் பவர் வயர், ஒரு எர்த் வயர், 'இப்போது வெட்டு' என்று இசிஎம் கட்டளை அனுப்பும் சிக்னல் வயர். சில கார்களில் நான்காவதாக ஒன்று இருக்கும். 'சொன்னபடி செய்துவிட்டேன்' என்று இசிஎம்முக்குப் பதில் சொல்லும் வயர் அது. சில கார்களில் இரண்டே வயர்கள்தான். இந்த வயர்களில் எது கோளாறானாலும் 0352 மாதிரியான கோடு வரலாம். வயர் அறுந்ததா, காயில் செத்ததா என்பதெல்லாம் இசிஎம்முக்குத் தெரியாது. எதிர்பார்த்த பதில் வரவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இன்னொரு கோடையும் இதனோடு போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 0302 என்று வந்தால், இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். அதற்கு பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். 0352 என்பது கரன்ட் சம்பந்தப்பட்ட புகார். இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் 0352-ஐப் பாருங்கள். தீப்பொறி சரியானால் மிஸ்ஃபயர் தானாகவே அடங்கிவிட வாய்ப்பு அதிகம்.

லைட் எரிகிறதா, மின்னுகிறதா?

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மஞ்சள் இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால், மெதுவாக ஓட்டி வொர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். விட்டு விட்டு மின்னினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். தீப்பொறி விழாத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்ஸர் பக்கம் போகிறது. அங்கே இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அது எரியும்போது, கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளுக்குள் உருகிவிடும். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய பாகம் அது. அதன் விலைக்குப் பக்கத்தில் காயில் விலையெல்லாம் சில்லறை. 'வீடு வரைக்கும் தானே, ஓட்டிடலாம்' என்று நினைத்து, சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலையைப் பல மடங்கு செலவில் முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

காசே செலவில்லாத சோதனை

டீச்சரிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னேன். 'ரெண்டாவது காயிலையும் மூணாவது காயிலையும் இடம் மாத்திப் போட்டுப் பாருங்க.' அவ்வளவுதான். நான்கும் ஒரே காயில்தான், எங்கே வேண்டுமானாலும் பொருந்தும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, சூடு ஆறியதும், கப்ளரின் லாக்கை அமுக்கிக் கழற்றி, பத்து நம்பர் போல்ட்டை எடுத்தால் காயில் கையோடு வந்துவிடும். மார்க்கரால் அதன் தலையில் எண் எழுதிக்கொள்வது நல்லது.

இடம் மாற்றி மாட்டியதும், பழைய கோடை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஒரு ரவுண்டு ஓட்ட வேண்டும். கோடு 0353 ஆக மாறினால், கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது, காயில்தான் குற்றவாளி. மறுபடியும் 0352-வே வந்தால் காயில் நிரபராதி. கோளாறு, இரண்டாம் நம்பர் கப்ளரிலிருந்து இசிஎம் வரை போகும் வழியில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது.

அவருடைய மெக்கானிக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியிருக்கிறது. 'புதுக் காயில் போட்டிருக்கேன் மேடம், அதை எதுக்கு மாத்திப் பார்க்கணும்?' என்றாராம். இவர் விடவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர். மாற்றிப் போட்டார்கள். கோடு 0352-வாகவே நின்றது.

அடுத்த சனிக்கிழமை, தெரிந்தவர்கள் கைகாட்டிய ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனார். நானும் போய் நின்றேன். ஐம்பதைத் தாண்டியவர். முதல் பத்து நிமிஷம் எந்தக் கருவியையும் கையில் எடுக்காமல் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, இந்த லாக்கைப் பார்த்தியா?" என்றார். மற்ற மூன்று கப்ளர்களிலும் லாக் இருந்தது. இரண்டாவதில் அது உடைந்து, கேபிள் டை போட்டுக் கட்டியிருந்தார்கள். இன்ஜின் சூட்டில் பல வருடம் வெந்த பிளாஸ்டிக் முறுக்கு மாதிரி நொறுங்கும். லாக்கை அமுக்காமல் வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றியவர் யாரோ, எப்போதோ!

மீட்டரை எடுத்து, சாவியை ஆன் செய்து, பவர் வயரில் அளந்தார். 12.3 வோல்ட். பேட்டரியில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். எனக்கு அது போதுமானதாகத் தெரிந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு வயர் கோத்த ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பை எடுத்தார். அதன் ஒரு முனையை பவர் பின்னிலும், மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தார். பல்பு மினுக்கென்று மங்கலாக எரிந்தது. கப்ளருக்குப் பின்னால் வயர் வளையும் இடத்தை லேசாக அசைத்தார். அணைந்துவிட்டது. மறுபக்கம் அசைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"டீச்சர், உங்க காயில் நல்லாத்தான் இருக்கு. நோவு இங்க இருக்கு" என்று அந்த வளைவைக் காட்டினார்.

மேலே உறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒன்று இரண்டைத் தவிர மற்றதெல்லாம் அறுந்திருந்தன. மீட்டர் துளியூண்டு கரன்டைத்தான் எடுத்து அளக்கும். அதற்கு ஒற்றை இழை போதும், 12 வோல்ட் என்று காட்டிவிடும். 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் கேட்கும். ஒற்றை இழையால் அதைத் தாங்க முடியாது. காயில் கேட்பது அதைவிடவும் அதிகம். குழாயைத் திறந்தால் சொட்டுச் சொட்டாக வருகிற வீட்டில், 'தண்ணி வருதா?' என்று கேட்டால் 'வருது' என்றுதானே பதில் வரும். குடம் வைத்தால்தான் உண்மை தெரியும். மீட்டருக்கும் பல்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அப்படியென்றால், புதுக் காயில் போட்டதும் மூன்று நாள் எப்படி நன்றாக ஓடியது? காயிலை மாற்றும்போது வயரில் கை பட்டது. அறுந்த இழைகள் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டன. மூன்று நாள் குலுங்கியதும் மறுபடி விலகிவிட்டன. 'பார்ட் மாத்தினோம், சரியாகிடுச்சு' என்ற பல கதைகளுக்குப் பின்னால் இந்த மாதிரி ஒரு கை பட்டிருக்கும்.

கழற்றிப்போட்ட பழைய காயிலை டீச்சர் டிக்கியிலேயே வைத்திருந்தார். வயரைச் சரிசெய்த பிறகு அதையே இரண்டாம் நம்பரில் மாட்டிப் பார்த்தோம். ஒரு துடிப்புகூட இல்லாமல் ஓடியது. கழற்றிய பாகத்தை எப்போதும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

வயரை ஒட்டுவதிலும் விஷயம் இருக்கிறது

உடைந்த லாக்கோடு இருந்த கப்ளரை அவர் தூக்கிப் போட்டுவிட்டார். வயரோடு சேர்ந்த புதுக் கப்ளர் தனியாகக் கிடைக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோடு கடைகள் பழக்கமாக இருக்கும். புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து எடுத்ததும் கிடைக்கும். ஆனால், சூட்டில் வெந்த பிளாஸ்டிக்கை மாற்றிவிட்டு இன்னொரு வெந்த பிளாஸ்டிக்கை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த விஷயத்தில் புதிதே வாங்குங்கள்.

வயர்களை முறுக்கி டேப் சுற்றுவது பல இடங்களில் நடக்கிறது. இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி, ஒரு மழைக்காலத்துக்குள் முறுக்கிய இடம் பச்சை பூத்துவிடும். வயரின் அதே தடிமனில் புது வயர் எடுத்து, ஈயம் வைத்துப் பற்ற வைத்து அல்லது ஒழுங்கான கிரிம்ப் போட்டு, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றி, பழைய வரிப்பைப்புக்குள்ளேயே திரும்ப நுழைக்க வேண்டும். ஒட்டு விழுந்த இடம் வளைவில் இருக்கக் கூடாது, எக்ஸாஸ்ட் பக்கம் உரசக் கூடாது. நான்கு வயர்களையும் ஒரே இடத்தில் வெட்டி ஒட்டாமல், கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி ஒட்டினால் தடிக்காது. இவர் அதையெல்லாம் நான் கேட்காமலே செய்தார். கப்ளரும் கூலியும் சேர்த்து 850 ரூபாய் ஆனது.

அவர் செய்யாமல் தவிர்த்த இரண்டு காரியங்களையும் கவனித்தேன். மீட்டரின் தடித்த முனையைக் கப்ளரின் துளைக்குள் குத்தவில்லை. குத்தினால் உள்ளே இருக்கும் தகடு விரிந்து, நாளைக்கு அங்கேயே லூஸ் கனெக்‌ஷன் வரும். வயர் உறையைக் குத்தித் துளை போட்டும் அளக்கவில்லை. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும்.

பல்பு வைத்துப் பார்ப்பது பவர், எர்த் வயர்களுக்கு மட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். சிக்னல் வயரில் பல்பை வைத்தால் இசிஎம்முக்குள் இருக்கும் டிரைவர் போய்விடலாம். அந்த வயரைச் சோதிக்க ஸ்கோப் அல்லது எல்இடி டெஸ்டர் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

அதைவிட முக்கியம், பழைய பழக்கத்தில் காயிலைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு 'ஸ்பார்க் வருதா பாரு' என்று ஸ்டார்ட் செய்யச் சொல்லாதீர்கள். 20,000 வோல்ட்டோடு விளையாட்டு வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் இன்ஜினின் காயில் பக்கம் குனியவே கூடாது. துப்பட்டா, சேலைத் தலைப்பு, தொங்கும் ஐடி கார்டு எல்லாம் பெல்ட்டிலும் ஃபேனிலும் சிக்கக்கூடியவை. இன்ஜின் அணைந்திருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றலாம்.

வேறு யார் யார்மேல் சந்தேகப்படலாம்?

நான்கு காயிலுக்கும் ஒரே நேரத்தில் கோடு வந்தால் (0351 முதல் 0354 வரை), நான்கும் சொல்லிவைத்து ஒரே நாளில் சாகாது. நான்குக்கும் பொதுவான ஃபியூஸ், ரிலே, எர்த் இவற்றில் ஒன்று. எர்த் போல்ட்டைக் கழற்றித் துரு போகச் சுரண்டி மாட்டியதில் சரியான வண்டிகள் உண்டு.

கோளாறு காயிலோடு நகர்ந்தால், காயிலை மாற்றத்தான் வேண்டும். ஆனால், அது ஏன் போனது என்றும் பாருங்கள். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றால், அதைத் தாண்டிக் குதிக்கக் காயில் கூடுதல் வோல்ட்டேஜ் எழுப்ப வேண்டியிருக்கும். தினமும் அந்தப் பாரம் சுமந்தே அது சீக்கிரம் களைத்துப்போகும். தேய்ந்த பிளக்கை அப்படியே விட்டுவிட்டுக் காயிலை மட்டும் மாற்றுவது அரைகுறை வைத்தியம். சிஎன்ஜியில் ஓடும் கார்களுக்கு இது இன்னும் பொருந்தும். அந்த வாயுக் கலவையில் தீப்பொறி விழ பெட்ரோலைவிட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். அதனால் பிளக்கை கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்குத் தாண்டி இழுக்காதீர்கள்.

காயில் உட்காரும் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் போடும் புதுக் காயிலின் ரப்பரும் ஊறிப்போகும். தண்ணீர் இருந்தால், வாட்டர் சர்வீஸில் பானெட்டைத் திறந்து பிரஷர் கன் அடித்தார்களா என்று கேளுங்கள். இன்ஜின் மேல் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது சுலபம். 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் நின்ற வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால், இசிஎம் கப்ளரைக் கழற்றிப் பின்களில் பச்சை படிந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எலி தனிக் கதை. அதற்கு ஒரு முழு அத்தியாயமே எழுதலாம், எழுதுவேன். வரிப்பைப்பில் பல் தடமும், பேட்டரிக்குப் பக்கத்தில் எலிப் புழுக்கையும் தெரிந்தால் ஸ்கேனருக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது.

மீட்டரில் காயிலின் ஓம் அளந்து 'நல்லா இருக்கு' என்று சொல்வதை மட்டும் முழுசாக நம்ப வேண்டாம். இரண்டு வயர் காயிலில் பிரைமரி சுமார் 0.5 முதல் 2 ஓம் வரை காட்டலாம். மூன்று, நான்கு வயர் காயில்களுக்குள் மின்னணுச் சுற்று இருப்பதால் அந்த அளவை நேரடியாக எடுக்கவே முடியாது. தவிர, ஆறிய நிலையில் சரியாக இருந்து, அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் மக்கர் செய்யும் காயில்கள் நிறைய. இடம் மாற்றிப் போட்டு, சூடேறும் வரை ஓட்டிப் பார்ப்பதுதான் நம்பகமானது.

வாரன்டியில் இருக்கும் கார் என்றால் மேலே சொன்ன எதையும் நீங்களாகச் செய்ய வேண்டாம். வயரை வெட்டி ஒட்டியது தெரிந்தால் வாரன்டிக்குத் தகராறு வரும். சர்வீஸ் சென்டருக்கே போங்கள். ஆனால், எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன், 'காயிலை இடம் மாத்திப் பார்த்தீங்களா, அப்போ எந்தக் கோடு வந்துச்சு?' என்று கேளுங்கள். பதிலாக ஒரு எண் வந்தால் கையெழுத்துப் போடலாம்.

(அடுத்த வாரம்: ஏசி ஓடுது, ஆனா குளிர மாட்டேங்குது!)